நான் பெரியம்மா வீட்டுப் பையனான பருவம்

அரையாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, டீச்சர் கரும்பலகையில் மூன்று கோடு போட்டு அதை நான்காகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் ஒரு பாடத்தின் பெயர். தமிழுக்குக் கீழே உறவுப் பெயர்கள். கணக்குக்குக் கீழே கூட்டல். அவரவர் வீட்டில் இருப்பவர்களை எண்ணி வந்து கூட்டிக் காட்ட வேண்டும். அறிவியலுக்குக் கீழே நம் உடல், உயரம் அளத்தல். சமூகப் பாடத்துக்குக் கீழே நம் குடும்பம். "இந்தப் பருவத்துல இதெல்லாம்தான் படிக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டுக் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டார். ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை எல்லா வகுப்பும் ஒரே கூடத்தில்தான் நடக்கும் என்பதால், எழுத்துக் கூட்டத் தெரியாத என் காதிலும் அது விழுந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாம் வகுப்பு வரிசையில் இருந்த என் அக்காவுக்குத் தோன்றிவிட்டது.

அக்கா பிறவியிலேயே சந்தேகக்காரி. மளிகை வாங்க ஒண்டிக்கடை முக்குக்கு அப்பாவோடு போகும்போது, கடைக்காரர் கொசுறாக நாலு பொட்டுக்கடலை கொடுத்தால்கூட உடனே வாயில் போடமாட்டாள். "ஏனுங்க, எதுக்குங்க குடுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவாள். அந்த வயதில் எனக்கு அது மானம் போகிற சமாச்சாரமாக இருந்தது. ஆனால் எழுபதுகளின் நடுவில் எங்கள் மலையூரான தலைச்சோலைப் பக்கத்தில் நிலவிய காற்று அவளுடைய குணத்துக்குத் தோதாகவே அமைந்துவிட்டது. அடிவாரத்துக் குப்பனூர் வழியாக அரசாங்க ஜீப் மலையேறி வருகிறது, பிள்ளைகள் அதிகம் இருக்கிற வீட்டு ஆண்களை ஏற்றிக்கொண்டு போய்க் குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்து அனுப்புகிறார்கள் என்று பேச்சு. எது நிஜம், எது புரளி என்று யாருக்கும் தெரியாது. ஜீப் சத்தம் கேட்டால் அப்பா காப்பிச் செடிகளுக்குள் இறங்கிவிடுவார். சில நாட்கள் சாப்பாட்டுக்குக்கூட வரமாட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா நான்கு கட்டங்களையும் மனப்பாடமாக ஒப்பித்தாள். ராகிக் களியைக் கையில் உருட்டியபடி அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். "கூட்டலு சொல்லிக் குடுக்கட்டும், வேணாங்கல. அதுக்கு எதுக்கு நம்மூட்டு ஆளுங்கள வச்சுக் கூட்டணும்? பலாச்சொளைய வச்சுக் கூட்டக் கூடாதா?" என்றார். அம்மாவுக்கு உயரம் அளப்பதுதான் பயம். அளந்துவிட்டுப் பிறகு என்ன செய்வார்கள்? டீச்சர்மார்களும் ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் சம்பளம் நின்றுவிடுமாம் என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் சொன்னதாக அம்மாவே நினைவுபடுத்தினாள். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் நாலு பாடமும் எங்கள் வீட்டுக்குள்தான் வந்து நின்றன. அப்பா களியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தது அதுதான் எனக்கு முதல் தடவை. அக்காவும் பார்த்தாள்.

மறுநாள் காலை, பள்ளிக்கூடம் போகிற வழியில், அக்கா ஊர்ப் பிள்ளைகளை நிறுத்தி ஒரு காரியம் செய்தாள். யார் கேட்டாலும் வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள்தான் என்று சொல்ல வேண்டும். மிச்சப்பட்ட பிள்ளைகளை, பிள்ளை குறைவாக இருந்த வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தாள். எங்கள் வீட்டில், தொட்டிலில் கிடந்த தங்கையை விட்டால், பள்ளிக்கு வந்தவர்கள் அண்ணன், அக்கா, நான் என்று மூன்று பேர். அண்ணன் இவள் பேச்சுக்கெல்லாம் அடங்கமாட்டான். ஆகவே மிச்சம் நான்தான். பிள்ளையில்லாத பெரியம்மா வீட்டுக்கு என்னைத் தள்ளிவிட்டாள். துணைக்கு, எந்நேரமும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த மேட்டு வீட்டுப் பெண்ணையும் அங்கேயே சேர்த்தாள்.

"இனி அவதான் உனக்கு அக்கா. நானு யாரோ. பள்ளிக்கூடத்துல எம்பக்கம் திரும்பவே கூடாது."

"எத்தன நாளைக்கு?"

"இந்தப் பாடம் முடியற மட்டும் சாமி" என்றாள்.

ஆறு வயதில் ஒரு சொல்லைப் பாதியாக நம்பத் தெரியாது. நான் முழுதாக நம்பினேன். வீட்டை விட்டே என்னைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்தேன். படுப்பது எங்கள் வீட்டில்தான் என்றாலும், காலையில் பெரியம்மா வீட்டு வாசல் வழியாகத்தான் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும் என்று அக்கா கறாராக இருந்தாள். பெரியம்மா எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. என்னை உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்து, வகிடு எடுத்து அனுப்பினாள். அவளுக்கு அது பிடித்திருந்தது என்பது இப்போது புரிகிறது. அப்போது எரிச்சலாக இருந்தது.

கணக்குப் பாடத்தன்று டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில், "ரெண்டு புள்ளைங்கதானுங்க டீச்சர்" என்றார்கள். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள்; வீட்டுக்கு வீடு நாலு பேர். கூட்டலுக்குப் பதிலாக அவர் பெருக்கலே நடத்தியிருக்கலாம். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "உங்க ஊர்ல எல்லார் வீட்லயும் ரெண்டே ரெண்டுதானா கண்ணு?" என்றார்.

"ஆமாங்க டீச்சர். அதுக்கு மேல வேண்டாம்னுட்டாங்க."

டீச்சர் சிரிக்கவில்லை. எங்களை அவரும் நம்பவில்லை, அவரை நாங்களும் நம்பவில்லை. அப்படியே சில நாட்கள் பாடம் நடந்தது.

பிறகு ஒரு நாள் ஜீப் பள்ளிக்கூட வாசலிலேயே வந்து நின்றது. இறங்கி வந்த அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, "இந்தப் பிள்ளைங்க வீட்ல எல்லாம் எத்தனை பேரும்மா?" என்று டீச்சரைக் கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் டீச்சரின் வாயைப் பார்த்தோம். அவர், "பசங்ககிட்டயே கேளுங்க சார்" என்றார். அந்தப் பதிலை அக்கா பின்னால் எத்தனையோ தடவை புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். எங்களைக் காப்பாற்றச் சொன்னதா, மாட்டிவிடச் சொன்னதா என்று அவளால் கடைசிவரை முடிவுக்கு வர முடியவில்லை.

அதிகாரி கேள்வி எதுவும் கேட்கவில்லை. எங்கள் பொய்யை வாசலிலேயே மோப்பம் பிடித்திருப்பார் போல. இருந்ததிலேயே சின்னவன் என்று என்னைக் கூப்பிட்டு இரண்டு பிஸ்கட்டைக் கையில் வைத்தார். "ஒண்ணு உனக்கு. இன்னொண்ண உங்க அக்காவுக்குக் கொண்டுபோய்க் குடு, பாக்கலாம்" என்றார்.

மூன்றாம் வகுப்பு வரிசையில் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவள் கிட்டே போய் நின்றால், எங்கள் வீட்டில் மூன்றாவது பிள்ளை உண்டு என்று ஆகிவிடும். அப்பா அன்றைக்கே ஜீப்பில் ஏற வேண்டியதுதான். அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, அவள் இப்போது என் அக்கா இல்லை என்பதுதான். அவளைத் தாண்டிப் போனேன். மேட்டு வீட்டுப் பெண்ணின் கையில் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அதிகாரி எழுந்துவிட்டார். அப்போதுதான் அக்கா அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் தொடங்கித் தேம்பலாகிவிட்டது. அவர் திரும்பிப் பார்த்து, "பிஸ்கட் கெடைக்கலன்னு அழுவுது பாரு" என்று சிரித்து, அவளுக்கும் ஒன்று கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டாள். 'எதுக்குங்க' என்று கேட்காமல் அவள் வாங்கிய பொருள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஜீப் சத்தம் தேய்ந்ததும் டீச்சர் கரும்பலகையில் சமூகப் பாடத்தின் கட்டத்தை மட்டும் துடைத்தார். "குடும்பம் பாடம் முடிஞ்சுது. அடுத்த பாடத்துக்குப் போலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அக்காவுக்கு அதிலும் நம்பிக்கையில்லை. "பலகையில அழிச்சா ஆச்சா? மனசுல எழுதி வச்சிருப்பாங்க" என்று வீட்டில் சொன்னாள். ஆனால் எங்கள் வீட்டுப் பக்கம் ஜீப் வரவேயில்லை. அப்பா காப்பிச் செடிகளை விட்டு மேலே ஏறி வந்தார். பெரியம்மா மட்டும் மறுநாள் காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாளாம்.

ஜீப் வந்துபோன அன்று, பள்ளி விட்டு வரும் வழியில் அக்கா என்னை நிறுத்திக் கேட்டாள்.

"ஏண்டா சாமி அவளுக்குக் குடுத்த?"

"நீதான சொன்ன."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்காவின் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும் என்று நான் சேலத்திலிருந்து பஸ் பிடித்துப் போயிருந்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "இவருங்க யாரு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏனுங்க, எதுக்குங்க கேக்கறீங்க?" என்றாள். அவர் திகைத்துப்போனார். பதிலுக்குக் காத்திராமல் அக்கா என் தோளில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "எந் தம்பிங்க. எங்கூடப் பொறந்தவன். எங்கூட்டுல நாங்க நாலு பேருங்க" என்றாள்.