முந்தாமல் ஓட்டிய நாள்

திருப்பூர் மண்ணரையில், வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் எங்களிடம் இருந்தது ஒரு கறுப்பு வெள்ளை டிவி. படம் மேலே ஓட ஆரம்பித்தால் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்ட வேண்டும். அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, அதற்குக் கேபிள் இழுத்திருந்தார். கடைசியாக அவர் வைத்துவிட்டுப் போனது ஏதோ வெளிநாட்டு விளையாட்டுச் சேனல். மறுநாள் காலை கம்பெனிக்குச் சைக்கிளில் கிளம்பியவர், லாரியில் அடிபட்டு இறந்துபோனார். அதன் பிறகு அக்கா அந்தச் சேனலை மாற்றவே இல்லை.

நாங்கள் மூவரும் ஒரே பனியன் கம்பெனி. மாமா அயர்னிங், அக்கா ஓவர்லாக் தையல், நான் தைத்து வருவதைச் சரிபார்க்கும் செக்கிங். அவர் இறந்தது, சரக்கை வெளிநாட்டுக்கு ஏற்றும் ஷிப்மென்ட் நேரம். கம்பெனியிலிருந்து நாலைந்து பேர் வேனில் மாலையோடு வந்து நின்றுவிட்டு, அதே வேனில் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? திருப்பூரில் ஷிப்மென்ட் என்றால் அப்படித்தான். அக்கா அழவில்லை. வந்தவர்கள் அழச் சொல்லிப் பார்த்தார்கள், கன்னத்தில் தட்டிப் பார்த்தார்கள். சோறு வைத்தால் தின்றாள், படுக்கச் சொன்னால் படுத்தாள், வேலைக்கு மட்டும் வரவில்லை. இவளும் போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நாளாக ஆக அந்தப் பயமும் மரத்துப்போனது.

ஜூலையில் அந்தச் சேனலில் சைக்கிள் பந்தயம் வந்தது. தினம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு, மூன்று வாரம் ஓட்டுவார்கள். சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது அக்கா அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாள். புருஷன் சைக்கிளில் போய்ச் செத்திருக்கிறான், இவள் சைக்கிளையே பார்க்கிறாளே என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று நானும் கூட உட்கார்ந்தேன். முதலில் இருப்பவருக்கு மஞ்சள் சட்டையாம். எங்கள் டிவியில் எல்லாச் சட்டையும் சாம்பல். யார் ஜெயிக்கிறார்கள் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. இப்போது வீட்டில் பெரிய கலர் டிவி இருக்கிறது. மஞ்சள் பளிச்சென்று தெரிகிறது, எனக்குத்தான் ஒன்றும் தோன்றுவதில்லை.

ஒரு நாள் மலை இறக்கத்தில் சிலர் விழுந்தார்கள். ஒருவர் எழவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று மறுநாள் பேப்பரில் படித்து அக்காவிடம் சொன்னேன். ம் என்றாள். அன்று சாயங்காலமும் ஓட்டினார்கள், ஆனால் யாரும் யாரையும் முந்தவில்லை. அத்தனை பேரும் ஒரே கூட்டமாக, மெதுவாக, முழுத் தூரத்தையும் ஓட்டி முடித்தார்கள்.

"ஏங்கண்ணு, யாருமே முந்தலையே?" என்றாள் அக்கா.

"செத்தவருக்காக அக்கா."

கடைசி ஆளும் கோட்டைத் தாண்டும்வரை அவள் பார்த்தாள். பிறகு, "நாளைக்கு நானும் கம்பெனிக்கு வர்றேன்" என்றாள்.

தோள்பட்டை ஜாயிண்ட் போடும் முதல் மிஷின் அவளுடையது. அவள் தைத்துக் கொடுத்தால்தான் பின்னால் இருப்பவர்களுக்கு வேலை. மறுநாள் அவள் பெடலை மிக மெதுவாக மிதித்தாள். லைனில் ஒவ்வொரு மிஷினாகச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"ஏனுங்கக்கா, உடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தானுங்க இருக்கறேன். அவருக்காக இன்னைக்கு ஒரு நாளுங்க."

அவர் அவளை அவசரப்படுத்தாமல் திரும்பிப் போனார். அக்கா நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள், கண்ணில் ஈரம் இல்லை. லைனின் கடைசியில் இருந்த என் மேஜைக்கு மத்தியானம்வரை ஒரு பீஸ்கூட வந்து சேரவில்லை. அந்த வெறும் மேஜைமேல் தலையைக் கவிழ்த்து நான்தான் அழுதேன்.