கண் திறந்த சிமெண்டுப் பெண்

"...அவளையும்தான் மூடச் சொல்லுங்கண்ணே. எப்பப் பாத்தாலும் நானேதான் மூடணுமா?"

ஜீப்பில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த சிலமலை ஊர்க்காரப் பெண் டிரைவரிடம் இப்படிக் கேட்டாள். அவள் சொன்ன 'அவள்' எங்கள் ஜீப்பில் இல்லை. போடியிலிருந்து மலைப்பாதை ஏறத் தொடங்கும் முக்கில், சிமெண்டால் ஆகி நின்றுகொண்டிருந்தாள்.

எழுபதுகளின் கடைசி. போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எனக்கு வேலை. ஏலப்பழம் எடுக்கப் போகும் பெண்களோடு விடியும் நேரத்து ஜீப்பில் நானும் ஏறுவேன். அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே போனால் கொண்டை ஊசி வளைவுகள் தெரியாது.

ஊருக்கு அழகாக இருக்கட்டும் என்று சில வியாபாரிகள் சேர்ந்துதான் ஏலக்காய் எடுக்கும் பெண்ணுக்கு அந்த முக்கில் சிலை வைத்தார்கள். செய்ய வந்தவர் கோயில் கோபுரத்துக்குச் சுதைப் பொம்மை செய்கிறவர். அம்மன் முகம் அவருக்குத் தானாக வரும். கூலிக்குப் போகிறவள் முகம் வரவில்லை. தினமும் எங்கள் ஜீப்பைப் பார்த்துப் பார்த்து, ஓரத்தில் உட்கார்ந்திருந்த சிலமலைக்காரியின் முகத்தை எடுத்துக்கொண்டார். புருவத்துத் தழும்பைக்கூட விடவில்லை.

முதலில் அவளுக்குப் பெருமைதான். ஏலக்காய், செடியின் காலடியில் காய்க்கிறது. குனியாமல் எடுக்க முடியாது. சிலையோ நெஞ்சை நிமிர்த்தி நின்றது. "நமக்குக் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு. ஒந்தங்கச்சிய பாரு, ராசாத்தியாட்டம் நிக்கிறா" என்று பெண்கள் ஓட்டுவார்கள். "அவளுக்குக் கங்காணி இல்லையில்ல ஆத்தா" என்பாள் இவள்.

வினை கண்ணில் வந்தது. சிலை என்றால் கடைசியில் கண் திறக்க வேண்டும், அந்த மனிதருக்கு வேறு விதமாக முடிக்கத் தெரியாது. ஒரு விடியற்காலையில் சூடம் கொளுத்திவிட்டு, சாரத்தில் ஏறிக் கருவிழி எழுதினார். முதல் பார்வை ஆள்மேல் விழக்கூடாதென்று எதிரே ஒரு நிலைக்கண்ணாடி வைத்திருந்தார். விவரம் தெரியாமல் எங்கள் ஜீப்பு இரண்டுக்கும் நடுவே போய் நின்றுவிட்டது. பெண்கள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். இவள் மட்டும் பார்த்துவிட்டாள்.

அந்த வாரம் பெய்த மழையில் சிலையின் இடது கண் மை கன்னத்தில் வழிந்தது. மறுநாள் இவள் இடது கண் வீங்கி வந்து ஏறினாள். பூச்சி ஏதாவது கடித்திருக்கும் என்று நான் சொன்னேன். சொன்ன எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

பிறகு ஒரு நாள், முக்கைத் தாண்டியதும் பிரேக் பிடிக்காமல் ஜீப்பு பின்னால் உருண்டு ஒரு பாறையில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் டிரைவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். "ரெண்டும் ஒன்ன ஒன்னு பாக்கப்படாது. முக்கு வர்றப்ப மொகத்த மூடுறதா இருந்தா ஏறு. இல்லைன்னா வேற சோலி பாத்துக்க."

மற்ற ஜீப்புக்காரர்கள் அவளை ஏற்றவே இல்லை. வீட்டில் படுத்த படுக்கையாகப் புருஷன், இரண்டு பிள்ளைகள். மலைக்குப் போகாவிட்டால் உலை வைக்க முடியாது. தலைத்துண்டால் மூடிக்கொண்டாள்.

ஊருக்குள் தலைவர்கள் சிலைகள் கை நீட்டியபடி எத்தனையோ நின்றன. அவற்றைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. அவர்கள் யாரும் எங்களோடு ஜீப்பில் வந்ததில்லையே. இங்கே வெளியே மஞ்சில் அந்த முகம் நிற்கும். பீடத்தை மஞ்சு மறைத்திருப்பதால் அந்தரத்தில் நிற்பது போல இருக்கும். உள்ளே எனக்கு எதிரே வெறும் துணி. துணிக்குப் பின்னால் முகம் இருக்கிறதா என்று ஒரு கணம் எனக்குச் சந்தேகம் வரும். அவள் மூச்சில் துணி அசைகிறதா என்று பார்ப்பேன்.

சிலைக்கு வளையல் போட்டார்கள், குங்குமம் வைத்தார்கள். டிரைவர் அதற்குச் சூடம் காட்டி "ஆத்தா, காப்பாத்து" என்பார். இவளை "ஏ புள்ள, தள்ளி உக்காரு" என்பார். பெண்களும் இவளை ஓட்டுவதை நிறுத்திவிட்டார்கள். பேச்சே குறைந்துபோயிற்று.

அன்று யாரோ சிலைக்குப் பெரிய ரோஜா மாலை போட்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிற ஒருத்தியின் முகத்துக்குக் கீழே மாலை. தூரத்திலிருந்தே அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் டிரைவரிடம் அப்படிக் கேட்டாள்.

"வெரசா மூடு புள்ள. முக்கு வந்திருச்சு" என்றார் அவர், சூடம் காட்ட வண்டியை நிறுத்தியபடி.

அவள் இறங்கினாள். பீடத்தில் ஏறி, தன் தலைத்துண்டை அவிழ்த்து, சிலையின் முகத்தைச் சுற்றி இறுக்கி, பின்னால் முடிச்சுப் போட்டாள். திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தாள்.