புகாரின் நகல் வேண்டி

காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது பெரிய காரியமில்லை. கொடுத்த புகாருக்கு ஒரு நகல் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் எவ்வளவு பெரிய குற்றம் செய்துவிட்டோம் என்று. கேட்டு அலைந்த அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு எதிரே, சைக்கிள் கடைத் தாழ்வாரத்தில் மேஜை போட்டுப் பல வருஷம் மனு எழுதிப் பிழைத்தவன் நான். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அந்த ஏட்டையாவுக்கு ஞாபகசக்தி அதிகம்.

காணவில்லை

தொழில் தொடங்கிய புதிதில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்தார். கும்பகோணம் பஸ்ஸில் சர்ட்டிபிகேட் வைத்திருந்த பையைத் தொலைத்துவிட்டார். புது சர்ட்டிபிகேட் வாங்க வேண்டுமானால், பழையது தேடியும் கிடைக்கவில்லை என்று போலீஸ் எழுதித் தரவேண்டும். புகார் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, அந்தச் சான்று வேண்டி இன்னொரு மனுவும் எழுதி, நானே அவரை உள்ளே அழைத்துப் போனேன்.

ஏட்டையா மனுவை மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தார். பிறகு மிகவும் நியாயமான குரலில் சொன்னார்: "நாங்க இன்னும் தேடவே ஆரம்பிக்கலையே சார், கிடைக்கலைன்னு எப்படி எழுதித் தர்றது?"

எழுத்து

கோட்டையில் ஆட்சி மாறி, குத்தகை சாகுபடி செய்கிறவர்கள் எல்லாரும் தாலுகா ஆபீஸில் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்த நேரம். வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோவிந்தனும் அவர் மனைவி முத்தம்மாளும் என் மேஜைக்கு வந்தார்கள். ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், பதினோரு வருஷமாக அவர்கள் கையில் இருந்தது. எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. இப்போது நிலத்துச் சொந்தக்காரரான மிராசுதார், "கோவிந்தன் என் வயலில் கூலிக்கு வந்த ஆள், குத்தகையாவது ஒன்றாவது" என்று ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் தாசில்தார் விசாரணை. அன்றைக்கு ஏதாவது எழுத்தைக் காட்டவில்லை என்றால் வயல் போய்விடும்.

"ரசீது, கடிதம், துண்டுச்சீட்டு, எதுவும் இல்லையா?" என்று கேட்டேன். கோவிந்தன் தலையைத் தொங்கப் போட்டார். முத்தம்மாள்தான், "ஸ்டேஷன்ல ஒண்ணு இருக்குல்ல" என்றார். நாலு வருஷத்துக்கு முன் குறுவை அறுப்பில் தகராறு. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கப் போகிறார் என்று தெரிந்து, அதற்கு முந்தின நாளே கோவிந்தன் கதிரை அறுத்துவிட்டார். மிராசுதார் புகார் கொடுத்தார். கோவிந்தனை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். பிறகு ஊரார் பேசிச் சமாதானம் ஆனது.

கோவிந்தனுக்கு வந்ததே கோபம். "மானம் போற சங்கதி, அத ஏன் ஐயாகிட்ட சொல்ற?" என்று எரிந்து விழுந்தார். முத்தம்மாள் அசையவில்லை. "மானமோ அவமானமோ, நம்ம பேரு எழுதியிருக்கிற ஒரே காயிதம் அதுதானே!"

பீரோ

மிராசுதார் கொடுத்த புகாருக்கு நகல் கேட்டு மனுவோடு போனேன். ஏட்டையா கேஸ் நம்பர் கேட்டார், இல்லை. தேதி கேட்டார், அதுவும் இல்லை. கோவிந்தனுக்கு நினைவிருந்ததெல்லாம், புரட்டாசி மாதம், மூத்த பெண் தவழ்ந்துகொண்டிருந்தாள் என்பதுதான். அரசாங்க ரிஜிஸ்டரில் தவழுகிற பெண்ணுக்கு ஏது கட்டம்? "குறுவை அறுப்புக் கேஸ் ஐயா, அதை வைத்துத் தேட முடியாதா?" என்று குழைந்தேன்.

அவர் எழுந்து என்னை உள் அறைக்குக் கூட்டிப்போய் ஒரு பீரோவைத் திறந்தார். கட்டுக் கட்டாகத் தாள்கள் சரிந்து வந்து என் காலில் விழுந்தன. "நல்லாப் பாத்துக்குங்க, இது பூரா குறுவை. சம்பாவுக்கு அந்தப் பக்கம் தனி பீரோ."

சுண்ணாம்பு

விசாரணைக்கு ஒரு வாரம்தான் பாக்கி. எனக்கே நம்பிக்கை விட்டுப்போனது. கடைசியாகக் கேட்டுப் பார்ப்போமென்று கோவிந்தனையே உள்ளே அழைத்துப் போனேன். அவர் வாசற்படி தாண்டியதும் சுவரைத் தடவிப் பார்த்து, "இது நான் அடிச்சதில்லீங்களே" என்றார். விசாரித்தால், பிடித்து வைத்த இரண்டு நாளும் அவரைச் சும்மா உட்கார வைக்கவில்லையாம். டி.எஸ்.பி. ஆய்வுக்கு வருகிறார் என்று சுண்ணாம்பு கரைத்து ஸ்டேஷன் முழுக்க வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏட்டையாவின் முகம் மாறியது. ஆய்வு நடந்த தேதிக்கு ரிஜிஸ்டர் உண்டு. அதைப் புரட்டினார், பீரோவைத் திறந்தார், கால் மணி நேரத்தில் கட்டு கைக்கு வந்தது. வருஷக்கணக்கில் அவரோடு மல்லுக்கட்டிய எனக்கு ஒரு தடவைகூடச் சொல்லாத நல்ல வார்த்தையை அன்று கோவிந்தனிடம் சொன்னார்: "ஏம்ப்பா, நீ அடிச்ச வெள்ளை மூணு அடைமழை தாங்குச்சுப்பா!"

வசவு

இன்ஸ்பெக்டர் கையெழுத்தும் முத்திரையுமாக நகல் வந்தது. தாழ்வாரத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். 'எனது ஆறு மா நிலத்தைப் பல வருடங்களாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவரும் கோவிந்தன் என்கிற திமிர் பிடித்தவன், என் அனுமதியின்றிக் குறுவையை அறுத்துவிட்டபடியால்...' எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. கோவிந்தனோ, திமிர் பிடித்தவன் என்ற இடத்தோடு காதை மூடிக்கொண்டார். முன்பாதியை இரண்டு தரம் திரும்பப் படித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது.

தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, உதட்டில் சிரிப்பு. "அப்ப அவரு என்னைய வஞ்சு எழுதினதுதான் ஐயா எனக்குப் பத்திரம்?"

விசாரணை

மிராசுதார் காரில் வந்து இறங்கினார். ஆட்சி மாறியதும் அவர் வேட்டிக் கரையும் மாறியிருந்தது. கூலி ஆள் என்று முதலில் சொன்னதையே தாசில்தார் முன்னாலும் அழுத்தமாகச் சொன்னார். கோவிந்தன் முறை வந்தது. அவர் நகலை மேஜையில் வைத்தார். முத்தம்மாள் என் பின்னால் நின்று முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

தாசில்தார் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "இது நீங்க குடுத்த புகார்தானே?" என்று மிராசுதாரைக் கேட்டார். மிராசுதார் தாளை வாங்கிப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார், முத்திரையை வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். கடைசியில் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "நான் குடுத்ததுதான். அன்னைக்கு இருந்த கோவத்துல உண்மைய எழுதிப்புட்டேன்."

ஆபத்துக்கு உதவ நாலு நல்ல மனுஷர் வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் என் மேஜையில் நான் கண்ட வரைக்கும், விவரமாகப் புகார் எழுதத் தெரிந்த ஒரே ஒரு எதிரி இருந்தால் போதும்.