எதிர்ப்படகு

கெசியா பிறந்தது படகில், குடித்தனம் நடத்தியது படகில், புருஷனைப் பறிகொடுத்ததும் அதே படகில்தான். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் கால்வாயில் நிலக்கரி ஏற்றிப் போவது அவள் பிழைப்பு. மேட்டிலே இத்தனை பீங்கான் சூளைகள் எழும்பியதே இந்தத் தண்ணீரால்தான் என்று எவனிடமும் மார்தட்டுவாள். வண்டியில் போனால் பாதி வழியில் நொறுங்கும் கோப்பைகள், படகில் அலுங்காமல் போய்ச் சேர்ந்தனவே!

ஆனால் அன்று அவள் தவிப்போடு மதகடியில் நின்றாள். தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகுகளை மேட்டுக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி அது. அவள் கரி கொண்டுபோகும் சூளையில் காலையிலேயே நெருப்பு மூட்டியாயிற்று. கரி நடுவில் தீர்ந்தால் உள்ளே வேகும் தட்டுகள் அத்தனையும் பாழ். "இந்த வாட்டி தாமதமானா வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்று சூளை மேஸ்திரி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தான்.

"எனோக் அண்ணே, தொட்டியைத் தொறந்து விடுங்க. உங்க காலைப் பிடிக்கட்டுமா?"

மதகுக்காரர் எனோக் தலையைச் சொறிந்தார். "கோடையில தண்ணி கெடக்கிற கெடயைப் பாத்தியா? மேலருந்து ஒரு படகு எறங்கினாத்தான் தொட்டி காலியாகும். அப்புறம் நீ ஏறு. சும்மா தண்ணியைக் கொட்டினா கால்வாய்க் கம்பெனி என் சீட்டைக் கிழிச்சிரும்."

ஒன்று ஏறினால் ஒன்று இறங்க வேண்டும். வறட்சிக் காலத்து முறை அது. காலையில் தொட்டி காலியாகத்தான் இருந்தது. பின்னால் வந்த படகில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று கெசியாதான் தன் முறையை விட்டுக்கொடுத்தாள். அந்தப் படகு ஏறியதில் தொட்டி நிரம்பிவிட்டது. சூளைகளிலிருந்து பீங்கான் ஏற்றிய கூடைப் படகுகள் வரிசையாக இறங்குகிற வழிதானே, அடுத்தது இதோ வந்துவிடும் என்று நம்பினாள். வெயில் சாய்ந்தும் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. படகு இழுக்கும் குதிரை கரையோரப் புல்லை மொட்டையடித்துவிட்டது. மேட்டில் சூளைப் புகை மெலிந்துகொண்டே வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டியது.

கடைசியில் கரையோடு ஜேபஸ் நடந்து வந்தான். கூடைகளில் வைக்கோல் வைத்துப் பாத்திரம் அடுக்குகிறவன்.

"ஏய் ஜேபஸ், உங்க கூடைப் படகெல்லாம் எங்கய்யா செத்துப் போச்சு?"

"எந்தப் படகு? நேத்து சாயங்காலத்திலருந்து கூடை பூரா ரயில்லதானே போகுது. உனக்குத் தெரியாதா?"

"வாய்ல என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த? வந்து சொன்னா என்ன கொறஞ்சிருவ!" என்று சீறினாள் கெசியா.

எனோக் போய்த் தொட்டியைக் காலி செய்தார். "வா தாயி. கம்பெனி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

கெசியா அவசர அவசரமாகக் குதிரையைப் பூட்டினாள். அப்போதுதான் சூளைப் பக்கம் திரும்பினாள். புகை மறுபடி கரேலென்று திரண்டு எழுந்துகொண்டிருந்தது.

"கரி யார் குடுத்தா?" என்று கேட்டாள்.

ஜேபஸ் தரையைப் பார்த்தான். "கூடையை எறக்கிட்டு ரயில் வெறுமனே திரும்பல அக்கா. வர்றப்ப கரி ஏத்திட்டு வந்துருச்சு."

படகு உள்ளே போனது. தண்ணீர் ஏற ஏற, கரியோடு அவளும் மேலே வந்தாள். மேல் கால்வாய் கண்ணுக்கெட்டிய தூரம் காலியாகக் கிடந்தது. எனோக் கதவைத் திறந்துவிட்டு, போகச் சொல்லிக் கை காட்டினார்.

"எங்கண்ணே போக?" என்றாள் கெசியா.