கந்தகப் புகை பட்ட நிக்கல்

சோதித்து உறுதிசெய்தவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன். வினையூக்கிகளைப் பற்றிய பேச்சில் ஊகம் வெகு எளிதாக முடிவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஐம்பதுகளில் நான் மதுரையில் ஆராய்ச்சி மாணவன். அலுமினா என்னும் வெள்ளை அலுமினிய ஆக்சைடுத் தூளின் மேல் நிக்கலும் செம்பும் சேர்ந்து படிந்தால் அவை ஒன்றையொன்று மாற்றுகின்றனவா, அருகருகே இருந்தும் தனித்தனியாகவே இயங்குகின்றனவா? இதற்கு விடை இல்லாமல் ஆய்வேட்டில் கையொப்பமிட இயலாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். எஞ்சியிருந்த அலுமினாவை மூன்றாகப் பிரித்தேன். ஒரு பங்கை நிக்கல் உப்புக் கரைசலிலும், மற்றொன்றைச் செம்பு உப்புக் கரைசலிலும், மூன்றாவதை இரண்டும் கலந்த கரைசலிலும் ஊறவைத்தேன். ஆயுதபூசை விடுமுறைக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிட்டதால், போடிநாயக்கனூரில் எங்கள் ஏலக்காய்க் கிடங்கிலேயே அவற்றைத் தட்டுகளில் பரப்பி உலரவைத்தேன்.

மறுநாள் தட்டுகள், ஏலக்காயை வெளுக்கவைக்கக் கந்தகம் எரிக்கும் அறைக்குள் இருந்தன. அண்ணன்தான் மாற்றிவைத்திருந்தார்.

“என்னண்ணே இது?”

“பச்சையும் நீலமுமாக் கெடந்துச்சுப்பா. நம்ம சரக்கோட சேத்துப் புகை காட்டுனா வெளுத்துரும்னு வச்சேன். துளி வெளுக்கலையே! எவன்கிட்ட வாங்குன இந்த மட்டச் சரக்க?”

“கந்தகம் பட்டா நிக்கல் செத்துரும்ணே, அப்புறம் வேலை செய்யாது.”

“அப்பச் சாக்கடையில கொட்டிட்டு வேற சோலியப் பாரு.”

“கொட்ட மாட்டேன். மதுரைக்குக் கொண்டு போறேன்.”

புதிதாகச் செய்ய அலுமினா இல்லை. கெட்டதையே சோதிப்பது என்று முடிவுசெய்தேன். மூன்றையும் ஹைட்ரஜன் ஓட்டத்தில் சூடேற்றி உலோகமாக்கி, எண்ணெயில் இட்டு, அந்த எண்ணெய் ஹைட்ரஜனை ஏற்கிறதா என்று பார்த்தேன். நிக்கல் தூள் வேலை செய்யவில்லை, செம்புத் தூளும் அப்படியே. இரண்டும் சேர்ந்து படிந்த தூளோ மெதுவாக, ஆனால் நிற்காமல், வேலை செய்தது.

பேராசிரியர் நம்பவில்லை. தனி நிக்கல் தூளையும் தனிச் செம்புத் தூளையும் உரலில் கலந்து சோதித்துக் காட்டினேன். அந்தக் கலவை வேலை செய்யவில்லை. ஆகவே இரண்டு உலோகங்களும் ஒரே அலுமினாத் துகளின் மேல் படிந்திருப்பது தேவை. அவர் முன்னிலையில் எல்லாவற்றையும் மறுபடியும் செய்தேன். அதன் பிறகே கையொப்பமிட்டார்.

செம்பு கந்தகத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு நிக்கலைக் காத்ததா, நிக்கலோடு கலந்து அதன் இயல்பையே மாற்றியதா, அலுமினாவுக்கு இதில் என்ன பங்கு என்பவற்றை அன்றைய கருவிகளால் நான் அறிய முடியவில்லை. இன்றும் எனக்குத் தெரியாது.