வீரகத்தியரின் வாழைப்பழ வைத்தியம்

தண்ணீரூற்று ஊரில் எந்தப் பிள்ளை எதை விழுங்கினாலும் வீரகத்தியரைத்தான் கூப்பிடுவார்கள். வயல் செய்கிறவர்தான். ஆனால் ஒரு பிள்ளை விழுங்கிய காசு அவர் கொடுத்த வாழைப்பழத்துக்குப் பிறகு வெளியே வந்ததிலிருந்து அவர் அரை டொக்டர். அந்தக் காசு எப்படியும் வந்திருக்கும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஜெயரூபியின் இரண்டு வயது மகன், வற்றாப்பளைத் திருவிழாவில் வாங்கிய விளையாட்டுக் காரிலிருந்த பொத்தான் போன்ற பற்றரியை விழுங்கிவிட்டான். வீரகத்தியர் வாழைப்பழத்தோடு ஓடிவந்தார். அவர் மனைவி இராசமலர் பிள்ளையை வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீரோடு வந்தார்.

"சத்தி எடுக்க வைக்கவேணும்!"

"உனக்கென்ன தெரியும்? பழத்தைக் குடு!"

இவர்கள் சண்டை பிடித்துக்கொண்டு நிற்க, ஜெயரூபி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தொண்டையில் சிக்கியிருந்த பற்றரியை உடனேயே எடுத்தார்கள்.

"நல்ல காலம், தின்னவும் குடுக்கேல்லை, சத்தி எடுக்கவும் வைக்கேல்லை. பிந்தியிருந்தால் தொண்டை வெந்து ஓட்டை விழுந்திருக்கும்," என்றார் டொக்டர்.

பிள்ளை வீடு திரும்பியதும் வீரகத்தியர் இராசமலரோடு பார்க்கப் போனார்.

"பாத்தியே ஜெயரூபி, நான் மட்டும் சண்டை பிடிக்காட்டி, இவள் உப்புத் தண்ணியைப் பருக்கியிருப்பாள்!"