பூவில் ஒட்டிய எண்

யூச்சின் அக்கா அனுப்பும் பூக்கள் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. தாமரை, செவ்வந்தி, பனித்துளி உட்கார்ந்த ரோஜா, அதன்மேல் கொட்டை எழுத்தில் 'காலை வணக்கம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்'. காலை ஆறு மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது கைபேசி கத்தும். அவருடைய காலை உணவுக் கடையும் என் சாவிக் கடையும் ஒரே சந்தில் எதிரும் புதிருமாக இருக்கின்றன. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பவரிடமிருந்து எனக்கு எதற்குப் பூ?

என்னைவிட மூன்று வயது சிறியவர்தான். ஆனாலும் எங்கள் மேட்டில் அக்கா என்றால் அவர் ஒருவர்தான். கணவர் போன பிறகு இருபது வருடமாகத் தனியாக முட்டைத் தோசை சுட்டு, சோயாப் பால் காய்ச்சி, வருகிறவர் போகிறவரை அதட்டிக்கொண்டு வாழ்கிறவர்.

தைவானின் வடக்குக் கடலோரத்தில் வருடத்தில் பாதி நாள் மழை. துறைமுகத்திலிருந்து எங்கள் மேட்டுக்கு ஏறி வருவது ஒரே ஒரு சின்னப் பஸ். எப்போது வரும் என்று காட்டும் பலகை நிறுத்தத்தில் செத்துப்போய் நான்கு வருடம் ஆகிறது. குடையோடு முக்கால் மணி நேரம் நின்று நின்று வெறுத்துப்போய்த்தான் யூச்சின் அக்கா கைபேசியில் லைன் என்ற செயலியில் ஒரு குழுவைத் தொடங்கினார். பஸ்ஸைப் பார்க்கிறவர்கள் பார்த்த இடத்தை எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்தக் குழுவுக்கு ராஜா என்றால் வெய் அண்ணன்தான். துறைமுகத்தில் முப்பது வருடம் பாரந்தூக்கியின் உச்சிக் கூண்டில் உட்கார்ந்து கீழே பார்த்தவர். மேட்டுச் சாலையின் மூன்றாம் வளைவில் அவர் வீடு, இரண்டாம் மாடி ஜன்னலோரம் அவர் நாற்காலி. 'வண்டி மூணாவது வளைவு தாண்டிடுச்சு' என்று ஒரு வரி போடுவார். அதைப் பார்த்த பிறகுதான் மேட்டுக்காரர்கள் நாங்கள் செருப்பையே மாட்டுவோம்.

பூக்கள் அதற்கப்புறம் வந்தவை. அக்கா பூ அனுப்பினால் ஒன்பது மணிக்குள் எல்லோரும் பதில் வணக்கம் போட வேண்டும். ஒரு கையில் தோசைக் கரண்டி, மறு கையில் கைபேசி. யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு ஒருநாள் பல்வலி, பதில் போடவில்லை. ஒன்பதே காலுக்குக் கரண்டியோடு என் கடை வாசலில் நின்றார்.

"சாவி அண்ணே, உசுரோட இருக்கீங்களா?"

"பல்லு வலிக்குது."

"அதை எழுதத் தெரியாதா? கையிலயா பல்லு இருக்கு?"

போன வருடம் ஆள் குறைவு என்று பஸ்ஸை நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. காப்பீட்டு முகவர் பெங், முப்பத்தெட்டு வயது, மேட்டிலேயே பிறந்தவன். ஓர் இணையதளம் தொடங்கி விண்ணப்பமும் போட்டான். நாள் கணக்கில் நூறு கையெழுத்தைத் தாண்டவில்லை. யூச்சின் அக்காதான் குழுவில் எழுதினார்: 'பஸ் இல்லைன்னா நீங்க ஏற வேண்டிய படிக்கட்டைப் படம் எடுங்க. மேயரோட ஃபேஸ்புக் பக்கத்துல, சொந்தப் பேர்ல, வெள்ளிக்கிழமை போடுங்க. திட்ட வேண்டாம். படி மட்டும் போதும்.' வெள்ளிக்கிழமை முந்நூறு படிக்கட்டுகள் போய் விழுந்தன. நனைந்த படி, பாசி பிடித்த படி, படி நடுவே வீங்கிய முழங்கால், காய்கறிப் பையை இறக்கி வைத்து மூச்சு வாங்கும் கிழவர். பஸ் பிழைத்தது. ஆனால் இரண்டு வருடத்துக்கு மட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால்தான் பெங் வட்டத் தலைவர் தேர்தலில் நின்றபோது அக்கா துள்ளிக் குதித்தார். பன்னிரண்டு வருடமாக இருக்கும் தலைவர் நல்லவர்தான். ஆனால் பஸ்ஸுக்காக வாய் திறக்காதவர். இங்கே ஓட்டுச்சீட்டில் சின்னம் இல்லை, எண்தான்; குலுக்கலில் பெங்குக்கு எண் இரண்டு விழுந்தது. அவன் அக்கா கடையில் தோசை தின்றுகொண்டிருந்தபோது நானும் இருந்தேன்.

"நாளையிலேருந்து என் பூவுல உன் நம்பர்," என்றார் அக்கா.

"அது பஸ் குழு ஆச்சே அக்கா. எல்லாரும் இருக்காங்க."

"எல்லாரும் இருக்காங்கன்னுதான்டா போடறேன். பஸ்ஸைக் காப்பாத்த வேணாமா? வாயை மூடிட்டுத் தின்னு."

மறுநாள் தாமரையின் நடுவே சிவப்பில் ஒரு பெரிய 2. அதற்கடுத்த நாள் ரோஜாவிலும் 2. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சந்தின் எதிர்ப்பக்கம் போனேன்.

"நான் ரெண்டு பக்கத்துக்கும் சாவி போடறவன். என் போன்ல எதுக்கு ஒருத்தன் நம்பர்?"

"பிடிக்கலைன்னா பார்க்காதீங்க."

"சரி, பார்க்கல," என்று அவர் கண் முன்னாலேயே குழுவை விட்டு வெளியேறினேன். வெளியேறியதும் குழுவில் அது ஒரு வரியாகத் தெரியும். ஒருவர் போனால் அடுத்தவருக்குத் தைரியம் வந்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் நாற்பத்தாறு பேர். ஆரம்பித்து வைத்தவன் நான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நான்காம் நாள் வெய் அண்ணனும் குழுவை விட்டுப் போய்விட்டார். மூன்றாம் வளைவு ஊமையானது. மறுபடியும் ஜனங்கள் மழையில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அக்காவுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. போகிறவர்கள் எதிர்க்கட்சி, அவ்வளவுதான் என்று தோசையைத் திருப்பினார். அதுவரை ஒன்பது மணிக்கு யார் பதில் போடவில்லை என்று தேடியவர், இப்போது எண்ணுக்கு எத்தனை பேர் கட்டைவிரல் காட்டினார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார். குழுவிலேயே இல்லாதவர் பதில் போடவில்லை என்பது எப்படித் தெரியும்?

வாக்குப்பதிவு நவம்பர் கடைசியில், ஒரு சனிக்கிழமை. அன்றைக்குப் பிரச்சாரம் கூடாது என்பது சட்டம். அதனால் மூன்று வாரத்தில் முதன்முறையாக எண் இல்லாத பூ போனதாம். பிறகுதான் எனக்குத் தெரியும். எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசல் வரிசையில் அவருக்கு நேர் பின்னால் நின்றேன். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. திடீரென்று திரும்பினார்.

"வெய் அண்ணன் எங்க?"

"உங்க குழுவுல பாருங்க," என்றேன் வெடுக்கென்று.

"குழுவுல இல்ல," என்றார். முகம் வெளுத்திருந்தது. "காலையில பூ அனுப்பிட்டுப் பழக்கதோஷத்துல அவர் பேரைத் தேடினேன். சரி, வரிசையில பார்த்துக்கலாம்னு வந்தேன்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எந்தத் தேர்தலாக இருந்தாலும் மடக்கு முக்காலியோடு வரிசையின் தலையில் உட்கார்ந்திருப்பவர் வெய் அண்ணன். அந்த இடத்தில் வேறு யாரோ நின்றார்கள்.

அக்கா வரிசையை விட்டு விலகினார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், "அஞ்சே நிமிஷம், ஓட்டைப் போட்டுட்டுப் போங்கக்கா," என்று கையைப் பிடித்தார். உதறிவிட்டு நடந்தார். நான் கடையிலிருந்து கருவிப் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வெய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினோம். அக்கா கைபேசியில் அழைத்தார். உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது. காவலர் வந்த பிறகுதான் பூட்டில் கை வைத்தேன், எங்கள் தொழிலில் அது விதி. நாற்பது வருடத்தில் எத்தனையோ பூட்டு திறந்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு சாதாரண வீட்டுப் பூட்டைத் திறக்க மூன்று முறை முயல வேண்டியிருந்தது.

குளியலறைத் தரையில் கிடந்தார். முந்தின நாள் மாலை வழுக்கி விழுந்திருக்கிறார், இடுப்பெலும்பு முறிவு. உதடு நீலம் பாரித்திருந்தாலும் கண் திறந்திருந்தது.

"சாவிக்காரனா?" என்றார் கிசுகிசுப்பாக. "கதவை உடைக்கலையே?"

"உங்க கதவுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க பேசாதீங்க," என்று அதட்டியபடியே தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவர்மேல் போர்த்தினார் அக்கா. அதட்டும்போதே அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆம்புலன்ஸில் அவர்தான் கூடப் போனார். அறுவை சிகிச்சை முடியும்வரை ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. நான்கு மணிக்கு வாக்குச்சாவடி மூடியது. மூன்று வாரம் ஓட்டுக் கேட்டவர் ஓட்டுப் போடவில்லை. நான் திரும்பி வந்து போட்டேன். யாருக்கு என்று அவரிடமே சொல்லவில்லை, இங்கே சொல்வேனா? பெங் ஒன்பது ஓட்டில் தோற்றான்.

ஐந்தாம் நாள் நாங்கள் இரண்டு பேரும் வெய் அண்ணனைப் பார்க்கப் போனோம். அக்கா அரிசிக்கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எதுக்கு அண்ணே குழுவை விட்டுப் போனீங்க? பெங்கைப் பிடிக்காதா?"

"அவன் தங்கமான பையன். அவனுக்கேகூடப் போட்டிருப்பேன்."

"அப்புறம்?"

"தலைவர் என் பொண்டாட்டி செத்தப்ப மூணு நாள் கூட நின்னவர்மா. தினம் உன் பூவுக்கு நான் வணக்கம் போடணும். நம்பர் போட்ட பூவுக்கு வணக்கம் போட்டா, நாலு பேர் பார்க்க அந்த நம்பருக்கும் தலையாட்டின மாதிரி ஆயிடுது. போடாம இருந்தா நீ ஒன்பது மணிக்குப் போன் பண்ணி ஏன்னு கேப்பே. உன்கிட்ட என்னால பொய் சொல்ல முடியாது. அதான் போயிட்டேன்."

அக்கா கிண்ணத்தை வைத்துவிட்டார். "அது என் பூ, என் குழுன்னு நெனச்சுட்டேன் அண்ணே. தப்பு பண்ணிட்டேன்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாப்பத்தாறு பேர் போனாங்க. ஒன்பது ஓட்டுல தோத்தான். பெங் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்றார். அப்போது குத்திக்காட்ட எனக்கு நிறைய இருந்தது. அக்கா வைத்த கிண்ணத்தை எடுத்து வெய் அண்ணனிடம் நீட்டினேன். அக்காமேல் எனக்கு இருந்ததெல்லாம் கோபம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பெங்குக்கென்று தனியாக ஒரு குழு தொடங்கினார். விருப்பமுள்ளவர் சேரலாம், அங்கே எந்த நம்பரையும் போட்டுக்கொள்ளலாம். பிறகு விலகிப் போனவர்களின் வீட்டுப் படிகளை ஒவ்வொன்றாக ஏறினார். கைபேசியில் கேட்கவில்லை, நேரில் போனார். மன்னிப்பும் கேட்டார், வழக்கம்போல அதட்டவும் செய்தார். இரண்டு பேர் கதவைத் திறக்கவே இல்லை. எதிரில் இருக்கிற என்னிடம் கடைசியில்தான் வந்தார்.

"சேருறீங்களா?"

"பூ அனுப்புவீங்களா?"

"அனுப்புவேன்."

"சரி, தொலையட்டும்," என்றேன்.

பிப்ரவரியில் வெய் அண்ணன் கைத்தடியோடு வீடு திரும்பினார், அன்றே குழுவிலும் சேர்ந்தார். மறுநாள் காலை செவ்வந்தி வந்தது, வெறும் செவ்வந்தி. வணக்கங்கள் வரிசையாக விழுந்தன. நானும் ஒன்று போட்டேன். அவருடையது மட்டும் வரவில்லை. எதிரே அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கைபேசியைப் பார்த்தபடி நின்றார். நானும் அராவிக்கொண்டிருந்த சாவியை வைத்துவிட்டேன். ஆறு மணி இருபது நிமிடத்துக்கு வந்தது.

'வண்டி மூணாவது வளைவு தாண்டிடுச்சு.'

அன்றைக்கு எனக்குப் பஸ்ஸில் போக ஓர் இடமும் இல்லை. இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் நிறுத்தத்துக்குப் போய் நின்றேன்.